இரண்டு கமராவில் ஒன்று

கமராப் பையைக் குறைத்துக்கொள்ளுங்கள், மனம் லேசாகும் என்று யூரியூப்பில் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, மேசையில் ஒரே ஒரு கமரா, பக்கத்தில் ஒரு கோப்பை கோப்பி. இவனுடைய வீட்டில் உப்புக்காற்று அடிப்பதில்லை, இவனுடைய கட்டிலுக்குக் கீழே பெட்டிகள் இல்லை, இவனுடைய மனைவி சாகவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு போனை மூடினேன். ஆனாலும் அவன் சொன்னதைச் செய்யத்தான் வேண்டியிருந்தது. இரண்டு பேர் சுமந்த சாமான்களை ஒருவன் சுமக்க முடியாது.

நான் தொழில்முறைப் படப்பிடிப்பாளன் அல்லன். திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞர் வேலை. கிழமை முழுவதும் கோப்புகளுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியும் நானும் கமராக்களோடு வெளிக்கிடுவோம். சில நாள் உட்துறைமுகக் கரை, சில நாள் மூதூர்ப் படகு வரும் இறங்குதுறை, சில நாள் பஸ் ஏறிக் குச்சவெளிப் பக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் ஞாயிறுகளைக் கேட்பதற்கு வேறு எவரும் இருக்கவில்லை.

அவள் போய் ஓர் ஆண்டு ஆகப்போகிற நேரத்தில், எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். பிளாஷ் என்கிற மின்வெட்டொளி ஒன்று கிடந்தது. வாழ்நாளில் நாங்கள் அதை இரண்டு கலியாணங்களில் பாவித்திருப்போம், இரண்டிலும் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அதை ஒரு ஸ்ரூடியோக்காரரிடம் கொடுத்தேன். முக்காலியின் பையைக் கோட்டையடியில் திரிகிற மான்களில் ஒன்று மென்று தின்றிருந்தது. முக்காலியை மட்டும் வைத்து என்ன செய்ய, அதையும் அவரிடமே கொடுத்தேன். குழாய் போல நீண்ட பெரிய லென்ஸ், லென்ஸுக்கு முன்னால் பூட்டுகிற, ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாத வடிகண்ணாடிகள், எந்தப் பற்றரிக்கு என்று மறந்துபோன சார்ஜர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. இவற்றைக் கொடுக்கும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

கடைசியில் மிஞ்சியவை நான்கு சாமான்கள். என்னுடைய பழைய பிலிம் கமரா, அவளுடைய டிஜிற்றல் கமரா, கையால் திருப்பித் தெளிவாக்குகிற இரண்டு சிறிய லென்ஸுகள். அந்த லென்ஸுகள் இரண்டு கமராவுக்கும் பொருந்தும். அதைப் பார்த்துத்தான் அவளுடைய கமராவை வாங்கினோம். கடையில் ஆள் புதிது புதிதாக என்னென்னவோ காட்டியபோது, “எங்கட லென்ஸ் இதுக்குப் பூட்டுப்படுமோ?” என்று அவள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு வீட்டில் இரண்டு விதச் சாமான் வைத்திருப்பது அவளுக்குப் பிடிக்காது. செருப்புத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் பொதுவில்தான் வைத்திருந்தோம்.

இனி இந்த இரண்டு கமராவில் ஒன்று போகவேண்டும். அங்கேதான் என் கை நின்றுவிட்டது.

நாங்கள் வேலைசெய்த விதத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். என் பிலிம் கமராவில் வெளிச்சம் அளக்கிற முள் எப்போதோ செத்துவிட்டது. அதற்கான பற்றரி இப்போது வருவதில்லை. பிலிமில் வெளிச்சம் பிழையாகிப் போனால் போனதுதான். கழுவக் கொழும்புக்கு அனுப்பி, வந்து பார்க்கும்போதுதான் தெரியும். ஆகவே முதலில் அவள் தன் டிஜிற்றல் கமராவால் ஒரு படம் எடுப்பாள். அதைப் பார்த்து, சரிவராவிட்டால் இன்னொன்று எடுப்பாள். சரிவந்ததும் எனக்குச் சத்தம் போட்டுச் சொல்வாள்: “எட்டு, இருநூற்றைம்பது!” முதலாவது துவாரத்தின் அளவு, மற்றது வேகம்; நான் அந்த இலக்கங்களை என் கமராவில் வைத்து எடுப்பேன். அவள் எடுத்ததற்கு எங்கள் வீட்டில் அளவுப் படம் என்று பெயர். நான் எடுத்ததற்குத்தான் படம் என்று பெயர். அந்தப் பெயர்களை வைத்தவளும் அவள்தான்.

இறங்குதுறையில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஒருநாள் கேட்டார்.

“என்ன தங்கச்சி, விடியக்காத்தாலேயே லொத்தர்ச் சீட்டு இலக்கம் சொல்லுறீங்கள்?”

“ஓம் அண்ணை. விழுந்தால் பாதி எங்களுக்கு” என்றாள்.

அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் அவர், “இண்டைக்கு என்ன இலக்கம்?” என்று கேட்காமல் விடமாட்டார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் ஒரு வேலை செய்வாள். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கி விட்டுக்கொண்டு, கமராவை முகத்துக்கிட்டக் கொண்டுவந்து, அன்று எடுத்த அளவுப் படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழிப்பாள்.

“ஏன் அழிக்கிறீர்? கிடக்கட்டுமே.”

“அளவுக்கு எடுத்ததுதானே. சட்டை தைச்சு முடிஞ்சால் அளவுநாடாவையும் சேர்த்தோ போட்டுக்கொண்டு திரியிறது?”

நான் பல தடவை சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஒரு தடவை கமராவைப் பறிக்கப்போய், பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்து, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கேட்கவேயில்லை. அதனால் அலுமாரி நிறைய என் நெகற்றிவ்கள் இருக்கின்றன. அவள் எடுத்த படம் என்று இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. கமராவின் மெமரி கார்ட்டைக் கணினியில் போட்டுத் தோண்டிப் பார்த்தேன். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்லள்.

வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். அந்த மாரி முழுவதும் கொழும்புக்கும் திருகோணமலைக்குமாக அலைந்தோம். மழை முடியுமுன் அவள் முடிந்துபோனாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். சாவீட்டுக்கு வந்தவர்கள், “கொடுத்துவைச்சது அவ்வளவுதான்” என்றபோது அவர்களை வெளியே போகச் சொல்லவேண்டும் போலிருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்துறைமுகக் கரைக்குப் போனேன். இரண்டு வார்களும் ஒன்றோடொன்று சிக்கின. முதலில் அளவுப் படம் எடுப்போம் என்று அவளுடைய கமராவைக் கண்ணில் வைத்தேன். ஒரே புகார். பனிமூட்டத்துக்குள் போல, கப்பல், மலை, வள்ளம் எல்லாம் கலங்கலாகக் கரைந்து கிடந்தன. லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தெளியவில்லை. அதே லென்ஸைக் கழற்றி என் பிலிம் கமராவில் பூட்டினேன். பளிங்கு போல இருந்தது. ஆகவே பழுது லென்ஸில் இல்லை, அவளுடைய கமராவின் உள்ளே என்று முடிவுகட்டினேன்.

எங்கள் ஊரில் இதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. இடுப்புப்பட்டி, புத்தகம், சப்பாத்து எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கும். மாதக்கணக்காக மூடிவைத்த கமராவில் பிடிக்காமல் வேறெங்கே பிடிக்கும்? வெயிலில் காயவைத்தேன். அரிசி வாளிக்குள் புதைத்துவைத்தேன். அந்த அரிசியைச் சமைத்துத் தின்றபோது சோற்றில் கமரா மணந்தது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஒன்றும் சரிவரவில்லை. பின்னாலிருக்கும் திரையைப் பார்த்து எடுக்கலாமே என்பீர்கள். துறைமுக வெயிலில் அந்தத் திரையில் தெரிவது என்னுடைய முகம்தான். எனக்கு வெள்ளெழுத்து வேறு. எடுத்த படங்களும் கலங்கலாகவே வந்தன. கலங்கலைப் பார்த்துத் திருப்பிய லென்ஸ் வேறென்ன செய்யும்?

அந்தக் கமராவை நான் திட்டினேன். அது நன்றாக இருந்திருந்தால் விசயம் சுலபம். பிலிமை விட்டுவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டிருப்பேன். கழுவக் கொழும்புக்கு அனுப்பும் கரைச்சல் இல்லை, வெளிச்சம் சொல்ல இன்னொரு ஆள் தேவையில்லை. பைக்குள் ஒரு கமரா, இரண்டு லென்ஸ், அவ்வளவுதான். யூரியூப்காரன் என்னைக் கட்டிப்பிடித்திருப்பான். அத்தோடு அது அவள் கையில் இருந்த கமரா. அதுதான் வேண்டும், அதுதான் பழுது. எறியவும் மனம் வரவில்லை.

ஆண்டு முடிவில் செய்கிற ஆட்டைத் திவசத்துக்கு அவளுடைய தங்கை மட்டக்களப்பிலிருந்து வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. இரண்டு பேருமே ஏறக்குறைய ஒரே அளவுக் கண்ணாடி போட்டவர்கள். பூசை முடிந்து, சாப்பிட்டவர்கள் போய், வீடு வெறித்துப்போன பின்னேரத்தில் அவள் கதிரையில் கிடந்த கமராவைக் கண்டாள்.

“அத்தான், அக்காட கமராவை என்ன செய்யப் போறீங்கள்?”

“அது பழுதாப் போச்சுப் பிள்ளை. உள்ளுக்குப் பூஞ்சணம்.”

அவள் கமராவைத் தூக்கினாள். கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, யன்னலடியில் நின்று துறைமுகத்தைப் பார்த்தாள். லென்ஸைக் கொஞ்சம் திருப்பினாள்.

“எங்க பூஞ்சணம்? பளிச்செண்டு தெரியுதே. அந்தா, வள்ளத்தில நிக்கிறவர்ட சேட்டில ஒரு பொத்தான் இல்லை.”

வாங்கிப் பார்த்தேன். அதே புகார்.

“வடிவாப் பாருங்கோ அத்தான்.”

“பாக்கிறன். ஒண்டும் தெரியேல்லை.”

“இஞ்ச தாங்கோ.” மறுபடி பார்த்தாள். “சத்தியமாத் தெளிவா இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. என்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். கமராவைத் திரும்ப வாங்கும்போது அவளுடைய தலையில் இருந்த மூக்குக் கண்ணாடி கண்ணில் பட்டது. அதே நேரம் என் பெருவிரலில், கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சிறிய பற்கள் உள்ள, சக்கரம் போன்ற சில்லு ஒன்று உரசியது.

அந்தச் சில்லு எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. பார்க்கிறவரின் கண்ணுக்கேற்ப அதைத் திருப்பிவைத்தால், கண்ணாடி போடாமலே தெளிவாகத் தெரியும். என் கமராவில் அப்படியொன்று கிடையாது, என் மனைவியின் கமராவுக்குள்ளால் அவள் இருக்கும்வரை நான் பார்த்ததும் கிடையாது. அதனால் நினைவே வரவில்லை. கமரா வாங்கிய அன்று முற்றத்தில் நின்று, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, வேலிப் பூவரசைப் பார்த்தபடி அவள் எதையோ நெருடிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறீர் என்று கேட்டதற்கு, “என்ர கண்ணுக்குச் சரியாக்கிறன்” என்றாள். அதற்குப் பிறகு அந்தச் சில்லை ஒருவரும் தொடவில்லை.

கமரா பழுதாகவில்லை. அது அவளுடைய கண்ணில் நின்றது.

நான் குசினிக்குள் போய், கழுவி வைத்த தம்ளர்களைத் திரும்பக் கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அழலாம். அவள் பார்த்த ஒரு படம்கூட எனக்கு மிஞ்சவில்லை. அவள் கூவிய இலக்கங்கள் காற்றோடு போய்விட்டன. ஆனால் அவளுடைய பார்வையின் அளவு, ஒரு மயிரிழை பிசகாமல், என் கட்டிலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. அதைத்தான் நான் அரிசிக்குள் புதைத்தேன், வெயிலில் போட்டேன், பழுது என்று திட்டினேன். அதற்குள்ளால் பார்த்தபோது எனக்குத் தெரிந்த புகார், அவளுக்குத் தெளிவான துறைமுகம்.

இனி நான் செய்யவேண்டியது மிகச் சுலபம். சில்லைக் கொஞ்சம் திருப்பினால் கமரா எனக்கு வேலைசெய்யும். பைப் பிரச்சினை தீர்ந்தது. அன்று பின்னேரம் பெருவிரலை அதில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். என்னால் ஏலவில்லை. திருப்பினால் அவளுடைய கண் போய்விடும், பிறகு எந்தக் கொழும்புக்குக் கொண்டுபோனாலும் வராது. அந்தச் சில்லில் இலக்கமும் இல்லை, கோடும் இல்லை.

அப்படியென்றால் தொடாமல் அலுமாரியில் வைக்கலாம். ஆனால் பாவிக்காத கமராவில் இந்த ஊரில் உண்மையாகவே பூஞ்சணம் பிடிக்கும். அது கையில் எடுபட வேண்டும், வெளிச்சம் காண வேண்டும். சில்லைத் திருப்பாமல் அதைப் பாவிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் முன்னறையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, இதை நீங்கள் கொண்டுபோங்கோ” என்றேன்.

“ஐயோ, வேண்டாம் அத்தான். அக்காட சாமான். நீங்கள் வைச்சிருங்கோ.”

“எனக்குப் பாரம். நான் எல்லாத்தையும் குறைச்சுக்கொண்டு வாறன். பிலிம் கமரா மட்டும் போதும்.”

அவள் அழுதாள். பிறகு கமராவைத் தன் சால்வையில் சுற்றினாள். ஒரு லென்ஸையும் கொடுத்தேன். சில்லைத் திருப்பவேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரு துண்டு பசைநாடா ஒட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். ஒட்டினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்லவேண்டும். அதைச் சொல்லிமுடிக்கும்வரை நான் தாங்குவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கவில்லை. அவளுக்கு அது தெளிவாகத் தெரிகிறதுதானே, ஏன் தொடப்போகிறாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கின. வாவியில் இறால் பிடிக்கிறவர்கள், கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டைகள், பாலத்தில் நின்ற ஒரு கிழட்டு மாடு. முதலில் சரியில்லாமல் இருந்தவை, போகப் போக நன்றாக வந்தன. ஒவ்வொரு படத்தையும் நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியாது. இறாலையும் மாட்டையும் அல்ல நான் பார்த்தது. என் மனைவியின் கண் வழியால் இன்னும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது நிற்கவில்லை என்பதைப் பார்த்தேன். அந்த மாதங்களில் எனக்கு நித்திரை வந்தது. சாப்பாட்டில் உப்பு, புளி தெரிந்தது. நான் பிலிம் கமராவோடு தனியே போய், வெளிச்சத்தைக் குத்துமதிப்பாக வைத்து எடுத்தேன். பெரும்பாலும் பிழையாகிப் போனது, பரவாயில்லை என்றிருந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

“அத்தான், நேற்று அனுப்பின படங்கள் பாத்தனீங்களே?”

“பாத்தனான். நல்லா வந்திருக்கு. வள்ளத்தின்ர பேர்கூட வாசிக்கலாம்.”

“இப்ப வலு லேசு அத்தான். முந்தி ஒவ்வொருக்காவும் கண்ணாடியைக் கழட்டோணும், போடோணும், பெரிய கரைச்சல். போன கிழமை தலையிலயிருந்து விழுந்து கண்ணாடிக் கால் ஒண்டும் உடைஞ்சுபோச்சு. கண்ணாடியோட பாப்பமெண்டால் ஒரே புகார். பிறகு பாத்தால், கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஒரு சின்னச் சில்லு இருக்கு. அதைத் திருப்பினன். இப்ப கண்ணாடியோடயே பளிச்செண்டு தெரியுது. பாவம் அக்கா, இப்பிடியொண்டு இருக்கிறது தெரியாமல் எவ்வளவு காலம் கழட்டிக் கழட்டிக் கஷ்டப்பட்டிருப்பா.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“எந்தப் பக்கம் திருப்பினீங்கள்?”

“என்ன அத்தான்?”

“அந்தச் சில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு?”

அவள் சிரித்தாள். “அதை ஆர் பாத்தது? அங்கால இங்கால எல்லாம் போட்டு உருட்டினன். தெளிவாத் தெரிஞ்சவுடன விட்டிட்டன். ஏன், திருப்பக்கூடாதோ? பழுதாப் போகுமோ?”

அவள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. கமரா கையில் வந்தால் எவரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். என் மனைவியும் முற்றத்தில் நின்று அதைத்தான் செய்தாள்.

“இல்லைப் பிள்ளை, பழுதாகாது. உங்கட கண்ணுக்குத்தானே வைக்கோணும்” என்றேன்.

போனை மேசையில் வைத்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, அவள் “ஹலோ, அத்தான், கேக்குதோ?” என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.